எந்தத் தெரு என்று கேட்டீர்களே

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வாட்சப்பில் நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். மொத்தம் நாலு நிமிஷம். அதில் ஒன்றரை நிமிஷம் செருமல், ஒரு நிமிஷம் கொல்லையில் மாட்டை அதட்டியது. மீதியில்தான் விஷயம்: "வீடு வாங்கியிருக்கியாமே, எந்தத் தெரு? அக்கம்பக்கம் யார் யாரு? லிட்டில் இந்தியான்னு நம்மாளுங்களுக்குன்னே ஓர் இடம் இருக்காமே, அதை விட்டுட்டு ஏன் எங்கேயோ போய் வாங்கினே?"

போனில் பதில் சொன்னால் பாதியில் "லைன் சரியில்லை" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டால் அதில் அர்த்தம் உண்டு. மேலத்தெரு, கீழத்தெரு, அக்ரகாரம், காலனி என்று பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. சாதி, சாப்பாடு, சுடுகாட்டுப் பாதை வரைக்கும் அந்த ஒரு சொல்லில் அடக்கம். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1822-ல் ராஃபிள்ஸ் துரை உத்தரவு போட, ஜாக்சன் என்ற லெப்டினன்ட் ஊருக்குப் படம் வரைந்தார். வெள்ளைக்காரருக்கு ஒரு பக்கம், சீனருக்கு ஆற்றின் மறுபக்கம், மலாய், புகிஸ், அரபு மக்களுக்குக் கம்போங் கிளாம். சீனருக்குள்ளேயே எந்த மாகாணத்தார் எங்கே என்றுகூடப் பிரிக்கச் சொன்னாராம் துரை. நம் ஊரில் பிறந்திருந்தால் நாட்டாண்மையாகவே ஆக்கியிருப்போம்.

நம் கரையிலிருந்து போனவர்களுக்கும் அந்தப் படத்தில் இடம் உண்டு. சூலியா கம்போங் என்று பெயர், ஆற்றங்கரை ஓரம். இன்று சூலியா தெருவில் வங்கிக் கட்டடங்கள் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கின்றன. அங்கே நம்மாள் யாராவது தென்பட்டால், கழுத்தில் அடையாள அட்டையோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

லிட்டில் இந்தியா அந்தப் படத்தில் இந்தியருக்கென்று ஒதுக்கிய இடமே இல்லை, மாமா. நம்மாட்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு மாடும் ஒரு காரணம். நீங்கள் இதை ரசிப்பீர்கள் என்று தெரியும். அந்தப் பக்கம் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் வளர்ந்தது. வியாபாரத்தோடு மாடு பார்க்க ஆள் வந்தது, ஆளுக்குச் சோறு போடக் கடை வந்தது, கும்பிடக் காளி கோயில் வந்தது. பஃபலோ ரோடு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்தது கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஆக, எருமைச் சாலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு எருமைச் சாலை. மாட்டு வியாபாரத்தில் பெரிய கையாக இருந்த பெலிலியஸ் என்பவர் கல்கத்தாவிலிருந்து வந்த யூதர். அவர் பேரிலும் ஒரு சந்து உண்டு.

"லிட்டில் இந்தியா" என்பது சுற்றுலாக்காரர்கள் பிரபலமாக்கிய பெயர். இங்குள்ள தமிழர் வாயில் அது தேக்கா. உடனே தேக்கு மரத்துக்குப் போய்விடாதீர்கள். சீனரின் ஹொக்கியன் பேச்சில் மூங்கிலடி என்று அர்த்தம். கெர்பாவ் ரோட்டில் ஏழெட்டு வண்ணம் அடித்த ஒரு வீடு, எந்நேரமும் அதன் முன்னால் படம் எடுக்க ஆள் நிற்கும். "லிட்டில் இந்தியா வீடு" என்று என் ஆபீஸ்காரர் ஒருவரே சொன்னார். ஆனால் 1900-ல் அதைக் கட்டியவர் டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வியாபாரி. அந்தப் பக்கம் சைனாடவுனுக்குப் போனால் அங்கே படம் எடுக்கிற கூட்டம் எதன் முன்னால் நிற்கிறது தெரியுமா? நம் மாரியம்மன் கோபுரத்தின் முன்னால். 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்தவர், 1827-ல் அமைத்த கோயில். பக்கத்துத் தெருவுக்கு டெம்பிள் தெரு என்று பெயர். இன்னொரு தெருவுக்கு, நான் வந்த முதல் மாதம் ரயிலடியிலிருந்து ஏறி வரும்போது பலகையில் பார்த்தேன், பகோடா தெரு! நல்ல பசி. தெருவை இரண்டு தரம் நடந்தும் ஒரு வாணலிகூடக் கண்ணில் படவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, பகோடா என்று அவர்கள் சொன்னது கோபுரத்தை.

நம்மாட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கப்பலேறும்போதே தெருவை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். செட்டியார்கள் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி போட்டு வட்டிக்கடை நடத்தினார்கள். சாமி கும்பிட டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி, 1859. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டி. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் வடக்கே செம்பவாங்கில். சலவைக்காரர்கள் துணி துவைத்த ஓடைக்கரை தோபி காட். இப்போது அதன் அடியில் மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. சலவை செய்த சட்டையோடு சனம் மாறி மாறி ஓடுகிறது.

இந்தத் தெருக்களையெல்லாம் கலைத்துப் போட்டது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். சுருக்கமாக வீவக. 1960-ல் தொடங்கினார்கள். இந்நாட்டில் நிரந்தரமாக வசிப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அது கட்டிய அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறார்கள். என் வீடும் அதுதான். "மருமகன் சிங்கப்பூரில் சொந்த வீடு வாங்கிட்டான்" என்று டீக்கடையில் சொல்லியிருப்பீர்கள். காதோடு காதாக ஒன்று: அது 99 வருஷக் குத்தகை. கோயில் நிலக் குத்தகை மாதிரிதான். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஏற்கெனவே ஓடிவிட்டது. டீக்கடையில் இதைச் சொல்ல வேண்டாம்.

சரி, அக்கம்பக்கம் யார் என்றீர்களே. அதை நான் முடிவு செய்வதில்லை, மாமா. கணக்கு முடிவு செய்கிறது.

கலைத்துப் போட்ட பிறகும் சனங்கள் வீடு விற்று வாங்கி, மறுபடி தங்கள் தங்கள் ஆட்களோடு சேர ஆரம்பித்தார்கள். 1964-ல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் கலவரம் நடந்த ஊர் இது. அரசாங்கத்துக்குப் பயம். 1989 மார்ச் மாதம் ஒரு விதி வந்தது. அப்போது அந்தத் துறைக்கு அமைச்சர் தனபாலன், தமிழர். ஒரு பிளாக்கில் சீனர் 87 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 13. நம் 13-ஐ 2010-ல் 15 ஆக்கினார்கள். வட்டாரம் முழுக்கச் சேர்த்துப் பார்க்க அதைவிடக் கொஞ்சம் இறுக்கமான இன்னொரு கணக்கு. "மற்றவர்" என்பதைக் கவனித்தீர்களா? யுரேஷியர், பிலிப்பீன்ஸ்காரர் எல்லாரும் நம் கணக்கில்தான் வருவார்கள். சாதகம் பார்த்துப் பங்காளியைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது எந்த ஊரிலும் உண்மைதான் போலிருக்கிறது.

என்னைப் போல மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக்கு இன்னொரு கதவும் உண்டு. அந்த வகைக் குடும்பங்கள் பிளாக்கில் 8 சதவீதம், வட்டாரத்தில் 5, அதற்கு மேல் கூடாது. ஆக எனக்கு இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறந்திருக்க வேண்டும்.

செங்காங்கில் ஒரு வீடு பார்த்தோம். ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஆடி மாதத்து நம் களத்துமேட்டுக் காற்று. உங்கள் மருமகள் அடுப்பு எங்கே, சாமி அலமாரி எங்கே என்று மனசுக்குள் வைத்துவிட்டாள். தரகர் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தியன் ஃபுல் லா" என்றார். பஸ்ஸில் சீட்டு இல்லை என்பது போல அவ்வளவு சாதாரணமாக. இந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி புதுப்பிக்கப்படும். சம்பளத்துக்குக் காத்திருந்தது போக, நானும் அவளும் கணக்குக்காக ஒன்றாம் தேதியை எதிர்பார்க்க ஆரம்பித்தோம். ஒரு மாதம் இந்தியன் கதவு திறந்தது, நிரந்தரவாசிக் கதவு மூடியது. அடுத்த மாதம் இது திறந்தது, அது மூடியது. வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று எழுந்தால் மற்றது படுத்துக்கொள்கிற கதை.

கடைசியில் ஈசூனில் படிந்தது. விற்றவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், இங்கே குடியுரிமை வாங்கி இருபது வருஷம். பிள்ளையோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறார். எட்டு மாதமாக விற்க முடியாமல் தவித்திருக்கிறார். ஏன்? அந்தப் பிளாக்கில் சீனர் 87 நிரம்பிவிட்டது. இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்றால் கணக்கு மீறிவிடும். வாங்க ஆசைப்பட்டு வந்த சீனர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, இந்தியரோ மலாய்க்காரரோ வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறைந்தால் விலையும் குறையும், கும்பகோணம் வெற்றிலைச் சந்தையானாலும் இதுதான். மேல் மாடியில் அதே அளவு வீடு போன விலையைக் காட்டிப் பெருமூச்சு விட்டார். நான் அனுதாபப்பட்டேன், பட்டுக்கொண்டே இன்னும் ஐயாயிரம் வெள்ளி குறைக்கச் சொன்னேன். குறைத்தார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு நான் விற்கும்போது எவனோ ஒருவன் இதே நாற்காலியில் உட்கார்ந்து அனுதாபப்படுவானே என்ற கவலை.

ஒரு வசதி, சாமி படத்துக்கு ஆணி அடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் சரியான உயரத்தில் ஏற்கெனவே இருந்தன.

1989-ல் இன்னொன்றும் நடந்தது. மார்ச்சில் எந்தப் பிளாக்கிலும் ஓர் இனம் அளவுக்கு மிஞ்சக் கூடாது என்று விதி போட்டவர்கள், ஜூலையில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் மூன்றையும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் என்று அறிவித்தார்கள். குடியிருக்கும் இடத்தில் கலப்பு, பார்க்கும் இடத்தில் பிரிப்பு. மாட்டுத் தொழுவமும் கடையுமாக இருந்த தேக்காவில் இப்போது தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலேயே சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கறிவேப்பிலையும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு, நாங்களும் ரயிலேறி வீட்டுக்குத்தான் திரும்புகிறோம்.

என் வீட்டுக்கு எதிரில் சீனக் கிழவி. இடது பக்கம் மலாய்க் குடும்பம், மூன்று பூனைகளோடு. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் வெட்டவெளித் தளம். வாய்ட் டெக் என்பார்கள். நம் ஊர்த் திண்ணைகள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தது போல. போன மாதம் சனி, ஞாயிறில் அங்கே மலாய்க் கல்யாணம், மேளம், பிரியாணி. செவ்வாய்க்கிழமை அதே தூண்களுக்கு நடுவில் சீனர் வீட்டுச் சாவு. காகிதத்தில் செய்த வீடு ஒன்று கொண்டுவந்து எரித்தார்கள், செத்தவருக்கு மேலுலகத்தில் குடியிருக்க. இரண்டு மாடி, வாசலில் காகிதக் கார். இங்கே கிடைக்காதது அங்கேயாவது கிடைக்கட்டும் என்று நானும் நின்று பார்த்தேன்.

வந்த புதிதில் அறை தேடியபோது வேறு மாதிரி. போனில் என் பேச்சைக் கேட்டதும் "இந்தியரா? சமைப்பீர்களா?" என்று கேட்டார் ஒரு வீட்டுக்காரர். சமைக்க மாட்டேன் என்றேன். அப்போது உண்மையிலேயே எனக்குச் சமைக்கத் தெரியாது. நம்பவில்லை. 2011-ல் இந்த வாசனை விவகாரம் செய்தித்தாளுக்கே வந்தது. ஓர் இந்தியக் குடும்பத்தின் கறி வாசம் தாங்கவில்லை என்று சீனாவிலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டார் புகார் செய்ய, அவர்கள் வெளியே போயிருக்கும்போது மட்டும் கறி சமைப்பதாகச் சமரசமாம். (இங்கே கறி என்றால் குழம்பு, ஆட்டை நினைக்காதீர்கள்.) ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, இந்நாட்டுச் சீனரும் மலாய்க்காரரும்கூட வீம்புக்குக் கறி சமைத்தார்கள்.

அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து உங்கள் மருமகள் நெத்திலிக் கருவாடு வறுக்கும்போது கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிடுவாள். வீடு புகைமூட்டம் ஆகிவிடும். ஒருநாள் கதவைத் தட்டும் சத்தம். எதிர் வீட்டுக் கிழவி. போச்சு என்று நினைத்தோம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கே வாங்கினே?" என்றாள். தேக்கா மார்க்கெட் என்றோம். இப்போது நாங்கள் தேக்கா போகும்போதெல்லாம் அவளுக்கும் கால் கிலோ. காசு கொடுப்பதில்லை, ஆரஞ்சுப் பழம் கொடுக்கிறாள். கருவாட்டு விலைக்கு ஆரஞ்சு கட்டுப்படியாகவில்லை என்று இவள் முணுமுணுக்கிறாள்.

இனத்தைத்தான் சதவீதத்தில் கட்டினார்கள். பணத்துக்குத் தெரு இங்கேயும் உண்டு. அஞ்சல் வட்டாரம் 9, 10, 11 என்று ஒருவன் சொன்னால் மற்றவன் ஒரு விநாடி மௌனமாவான், நம் ஊரில் பண்ணையார் பெயரைக் கேட்டதுபோல. நஸ்ஸிம் ரோடு, புக்கிட் தீமா பக்கமெல்லாம் "நல்ல தரமான பங்களா" என்று அரசாங்கமே பெயர் வைத்த பகுதிகள் 39 இருக்கின்றன. அங்கே மனை குறைந்தது 1,400 சதுர மீட்டர் இருக்க வேண்டும். குழிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். நம்முடைய ஒரு மா, அதற்கு மேல் நாலு குழி! நம் ஊரில் ஒரு மா நிலக்காரனுக்குக் கூட்டுறவு வங்கியில் நாற்காலி போடமாட்டார்கள். நீங்கள் மூன்று மாவை உளுந்து விதைக்காமல் தரிசாகப் போட்டிருக்கிறீர்கள். அதைச் சுருட்டி இங்கே அனுப்ப வழி இருந்தால் நம் குடும்பத்தில் மூன்று கோடீஸ்வரர்கள். பள்ளிக்கூடம் பார்த்து வீடு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள்; பேர்போன பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் ஒன்றாம் வகுப்பில் முன்னுரிமை. படத்தில் பள்ளிக்கூடத்தைப் புள்ளி வைத்து காம்பஸால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று புருஷன் பெண்டாட்டி சண்டை. அதை விடுங்கள்.

இன்று தேக்காவில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்தரையில் நம் பையன்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, சிம் கார்டு போட, முடி வெட்ட, சும்மா தமிழ் பேச. 2013 டிசம்பரில் அங்கே விபத்தில் ஒரு தொழிலாளி இறந்துபோய் கலவரம் மூண்டதிலிருந்து அந்தப் பக்கம் மதுவுக்குக் கட்டுப்பாடு அதிகம். கூட்டத்திலிருந்து "அண்ணே" என்று ஒரு குரல். நம் ஊர்ப் பையன். உங்கள் வயலில் நடவுக்கு வருவாரே, காலனிக்காரர், அவருடைய இளைய மகன். வந்து மூன்று வருஷமாம். மேற்கே தெங்காவில் புதிதாக எழும்பும் வீவக கட்டடத்தில் கம்பி கட்டுகிறான். பதினைந்தாவது மாடியில் நிற்கிறோம், மேகம் கையில் படுகிற மாதிரி இருக்கு அண்ணே என்றான். தங்குவது துவாஸில், தொழிலாளர் விடுதி, ஓர் அறையில் பன்னிரண்டு பேர். அவன் கட்டும் மாடியில் நாளைக்குச் சீனர் எத்தனை, மலாய்க்காரர் எத்தனை, இந்தியர் எத்தனை என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை எதிலும் அவன் வரமாட்டான். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து வீவக வீடு ஒன்றை முழுசாக வாடகைக்கு எடுக்கலாமே என்றால் கட்டுமான வேலை அனுமதிக்கு விதி இடம் தராது. நம் தெருவில் அவன் அப்பா வீடு கேட்டால் தரக் கூடாது என்று எந்த விதியும் எழுதி வைக்கவில்லை. கேட்டுப் பார்த்ததும் இல்லை.

வீட்டுக்கு அழைத்து வந்தேன். லிஃப்டில் எதிர் வீட்டுக் கிழவி அவனைப் பார்த்து "தம்பியா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். அவன் தரையைப் பார்த்தான். உள்ளே வந்து சோபாவின் ஓரத்தில், ஒரு சாண் அகலத்தில் உட்கார்ந்தான். சாப்பாடு முடிகிற வரைக்கும் அதே ஒரு சாண்தான். எட்டு மணிக்கே கிளம்பிவிட்டான். துவாஸ் போய்ச் சேர ரயில் மாறி பஸ் பிடிக்க வேண்டும்.

அடுத்த மாதம் இரண்டு வாரம் ஊருக்கு வருகிறான். உங்களுக்குக் கோடாலித் தைலம் ஆறு பாட்டில், அத்தையின் முழங்காலுக்கு ஒரு களிம்பு, அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் நிறுத்தி வாங்கிக்கொள்ளாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். அத்தையைக் காபி போடச் சொல்லுங்கள். எந்த டம்ளரில் என்று நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: அத்தை நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புவதாகச் சொன்னார்களாம். முகவரியில் தெருவுக்காக அலைய வேண்டாம், மாமா. இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆறு இலக்க எண் தனியாக உண்டு. அதையும் வீட்டு எண்ணையும் சரியாக எழுதினால் பாட்டில் நேராக என் மாடிக்கு வந்துவிடும். மூடியை மட்டும் இறுக்கமாக முடுக்கச் சொல்லுங்கள். வாசம் வெளியே வந்தால் எதிர் வீட்டுக் கிழவி அதற்கும் பங்கு கேட்பாள்.